தட்டை உலகப் படத்தை உருண்டையில் ஒட்டுவது எப்படி?

20 செ.மீ. விட்டமுள்ள பந்தின் சுற்றளவு 62.8 செ.மீ. எனவே படம் 62.8க்கு 31.4 இருக்க வேண்டும், அட்சரேகைகள் சம இடைவெளியில். துருவம் நோக்கிப் போகப் போக நீட்டிக் காட்டும் மெர்கேட்டர் படம் உதவாது; அதில் துருவமே கிடையாது.

படத்தைத் தீர்க்கரேகை வழியே பிரித்தால் 30 பாகை வீதம் 12 துண்டுகள். பூமத்தியரேகையில் ஒவ்வொன்றும் 5.23 செ.மீ. அகலம்; 60 பாகை அட்சரேகையில் சரிபாதி; துருவத்தில் கூர்முனை. ஓரங்களை வெட்டிக் கூராக்கினால் கிரீன்லாந்தின் பெரும்பகுதி குப்பைக்குப் போகும். பக்கவாட்டில் சுருக்கத்தான் வேண்டும். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில், துருவம் நோக்கி அகலத்தைக் குறைக்கும் சைனுசாய்டல் புரொஜெக்‌ஷன் இதைச் செய்யும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுத் தீர்க்கரேகையை 15, 45, 75 என மாற்றிக்கொண்டே போங்கள்.

லேசர் பிரிண்ட் நல்லது. சாதாரண இங்க்ஜெட் மை ஈரப் பசையில் கரையும். பந்தில் பூமத்தியரேகையைப் பென்சிலால் வரைந்து, மைதாப் பசை தடவிய துண்டை அங்கிருந்து துருவம் நோக்கி நீவுங்கள். ஈரத்தில் காகிதம் விரிவதால் கடைசித் துண்டு முதல் துண்டின் மேல் ஏறும். ஒரு துண்டை முதலில் நனைத்து அளந்து, விரிந்த அளவுக்குக் குறைத்து அச்சிடுங்கள்.