என்ஐசியுல (பச்சிளம் குழந்தை ஐசியு) கிட்னி அடிவாங்கப் போற குழந்தைய முன்னாடியே கண்டுபிடிக்கிறது எப்படி

நம்ம யூனிட்டுக்கு புதுசா டியூட்டிக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய ரத்தக் கழிவு) ரிப்போர்ட்டதான் தேடுறாங்க, ஆனா கிட்னி அடிவாங்கி ஒண்ணு ரெண்டு நாள் ஆனப்புறம்தான் அது ஏறும். அதுக்குள்ள நாம கிட்னிக்கு ஆகாத ஆன்டிபயாடிக் அமிக்காசின் ரெண்டு டோஸ் கூட போட்டிருப்போம். அதனால அது ஏறுறதுக்கு முன்னாடியே பிடிக்க நான் பண்றத எழுதுறேன்.

அட்மிஷன் அன்னைக்கே யாருக்கு ரிஸ்க்னு கேஸ் ஷீட் மேலயே எழுதிடுங்க. 28 வாரத்துக்கு கீழ பொறந்தது, பொறந்ததும் அழாம பேக் மாஸ்க்கால மூச்சு குடுத்தது, செப்சிஸ் (ரத்தத்துல பரவின கிருமித் தொற்று), இதயக் கோளாறு, பிபி ஏத்த மருந்து ஓடுறது, இதெல்லாம் லிஸ்ட்ல வரும். கிட்னில நெஃப்ரான் (ரத்தத்த வடிகட்டுற சின்ன அலகு) உருவாகி முடியவே 34-36 வாரம் ஆகும், அதனால குறைமாசக் குழந்தைன்னா எல்லாரும் உஷாராயிடுவாங்க, முழு மாசக் குழந்தையிலதான் கோட்டை விடுவோம். 2017ல வந்த அவேக்கன் ஸ்டடில (4 நாடு, 24 சென்டர், இந்தியாவும் உண்டு) மொத்தம் 2,022 குழந்தைகளப் பாத்தாங்க, 29 வாரத்துக்கு கீழ கிட்டத்தட்ட 48% பேருக்கு கிட்னி பாதிப்பு, 29லருந்து 35 வாரம் வரை 18%, 36க்கு மேல திரும்ப 37%. யோசிச்சா புரியும், முழு மாசக் குழந்தை ஐசியுக்கு வருதுன்னாலே மூச்சுத் திணறலோ இதயமோ ஏதோ பெருசா நடந்திருக்கு.

அடுத்தது யூரின், இதுலதான் நான் சண்டையே போடுவேன். சார்ட்ல 'யூரின் போச்சு'ன்னு டிக் அடிக்கிறது கணக்கே கிடையாது. காஞ்ச டயப்பர எடை போட்டு அந்த நம்பர டயப்பர் மேலயே பேனால எழுதி வச்சிடுங்க, நனைஞ்சதும் திரும்ப எடை போடுங்க, வித்தியாசம் 1 கிராம்னா 1 மில்லி. 1.2 கிலோ குழந்தை, 8 மணி நேர ஷிப்ட்ல மூணு டயப்பர் சேர்ந்து 14 கிராம் கூடிருக்குன்னு வைங்க, 14ஐ 1.2ஆலயும் 8ஆலயும் வகுத்தா மணிக்கு கிலோவுக்கு 1.46 மில்லி. முதல் நாள் கம்மியா போறது சகஜம், அதுக்கப்புறம் 1.5க்கு கீழ வந்தா நான் எட்டிப் பாப்பேன், 1க்கு கீழன்னா நைட் 2 மணியானாலும் சீனியர எழுப்பிடுவேன். வார்மர் அடியில விட்டா டயப்பர் காஞ்சிடும், உடனே எடை போடணும். ஒரு தடவை நான் நைட் டியூட்டில இருந்தப்ப சார்ட்ல நாலு டிக் இருந்துச்சு, நானும் நம்பிட்டேன், காலைல பாத்தா குழந்தை 90 கிராம் ஏறியிருக்கு, கண் இமை உப்பியிருக்கு. முதல் வாரத்துல எடை குறையணும், ஏறினா தண்ணி தேங்குதுன்னு அர்த்தம். சோடியம் சரிஞ்சாலும் அதே சந்தேகம்தான்.

ஆனா யூரின் நல்லா போகுதுன்னு நிம்மதியாவும் இருக்க முடியாது, ஜென்டாமைசின் (அமிக்காசின் வகை ஆன்டிபயாடிக்) மாதிரி மருந்தால அடிவாங்கின கிட்னி யூரின ஊத்திக்கிட்டே இருக்கும்.

இப்ப கிரியாட்டினின். முதல் ரெண்டு நாள் இருக்கிற நம்பர் பெரும்பாலும் அம்மாவோடது. முழு மாசக் குழந்தைக்கு அது இறங்கிக்கிட்டே வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல 0.4 mg/dL பக்கம் நிக்கும், குறைமாசத்துக்கு முதல்ல கொஞ்சம் ஏறிட்டு மெதுவா இறங்கும். அதனால ஒத்த நம்பர வச்சு எதுவும் சொல்லாதீங்க, தேதியோட வரிசையா எழுதிப் பாருங்க. இறங்க வேண்டிய நேரத்துல அப்படியே நின்னாலே எனக்கு பயம். அதுவரைக்கும் வந்ததுலயே குறைஞ்ச நம்பர்தான் அடிப்படை, அதுலருந்து 48 மணி நேரத்துல 0.3 கூடினாலோ 7 நாளுக்குள்ள ஒன்றரை மடங்கு ஆனாலோ கிட்னி பாதிப்போட முதல் ஸ்டேஜ். 0.4 இருந்தது 0.6 ஆச்சுன்னா லேப் ரிப்போர்ட்ல 'அதிகம்'னு காட்டுற ஸ்டார் கூட வராது, ஆனா அது ஒன்றரை மடங்கு! இன்னொண்ணு, கிரியாட்டினின ஜாஃபேங்கிற பழைய கெமிக்கல் முறைல பாக்குற லேப்னா மஞ்சள் காமாலை அதிகமா உள்ள குழந்தைக்கு நம்பர் குறைச்சலா காட்டலாம், என்சைம் முறை இருந்தா அதையே கேளுங்க, நடுவுல மாத்தாதீங்க.

மருந்த எண்ணுங்க. அமிக்காசின், வான்கோமைசின், ஆம்போடெரிசின், அசைக்ளோவிர், பிடிஏக்கு (பொறந்தப்புறமும் மூடாத இதய ரத்தக்குழாய்) குடுக்கிற இபுப்ரோஃபென், இண்டோமெத்தசின் எல்லாம் கிட்னிக்கு ஆகாதது. அமெரிக்காவுல அலபாமால ஆரம்பிச்ச பேபி நிஞ்ஜா திட்டத்தோட ரூல் ரொம்ப சிம்பிள், ஒரே நாள்ல இந்த மாதிரி 3 மருந்து போனாலோ ஜென்டாமைசின் வகை ஊசி 4 நாள் ஓடினாலோ தினமும் கிரியாட்டினின் பாக்கணும், நிறுத்தி 2 நாள் வரைக்கும். ரவுண்ட்ஸ்ல 'கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) என்னாச்சு, இது இன்னும் தேவையா'ன்னு கேக்க கூச்சப்படாதீங்க.

எல்லாத்தையும் சேத்து மார்க் போடணும்னா ஸ்டார்ஸ் (STARZ) ஸ்கோர் இருக்கு, நம்ம இந்திய சென்டர்கள்ல உருவானது, 10 விஷயத்துக்கு மார்க், மொத்தம் 100, 31.5 தாண்டினா ரிஸ்க். கையாலயே போட்டுடலாம். யூரின் என்கேல் (NGAL, கிட்னி அடிவாங்கினா கூடுற புரதம்) டெஸ்ட் சில மணி நேரத்துலயே காட்டும்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா குறைமாசத்துக்கும் செப்சிஸுக்கும் கூட அது ஏறும், பொம்பளப் பிள்ளைகளுக்கு இயல்பாவே அதிகம். எனக்கு டயப்பர் தராசு மேலதான் நம்பிக்கை.

சந்தேகம் வந்துடுச்சுன்னா முதல்ல பிபி, அப்புறம் ஃப்ளூயிட் கணக்கு, கதீட்டர் (யூரின் டியூப்) போட்டிருந்தா அடைச்சிருக்கான்னு பாருங்க, ஆம்பளப் பிள்ளைன்னா யூரின் பாதைல வால்வு அடைப்பு இருக்கான்னு ஒரு அல்ட்ராசவுண்ட். பொட்டாசியம் அதிகம்னு வந்தா குதிகால்ல குத்தி எடுத்த சாம்பிளான்னு கேட்டுட்டு (அதுல ரத்த அணு உடைஞ்சு நம்பர் பொய்யா கூடலாம்) ஒழுங்கா திரும்ப எடுத்து அனுப்புங்க, அதே கையோட ஈசிஜியும் மானிட்டர்ல பாத்துக்கோங்க. மருந்து நிறுத்துறது, டோஸ் இடைவெளி கூட்டுறதெல்லாம் கன்சல்டன்ட் கிட்ட கேட்டுட்டு. குழந்தை தேறி வீட்டுக்குப் போறப்ப டிஸ்சார்ஜ் சம்மரில கடைசி கிரியாட்டினினையும் பிபியையும் எழுதுங்க, அடுத்து பாக்குறவருக்கு ஒப்பிட அது ஒண்ணுதான் இருக்கும்.