ஆங்கிலச் சொல்லின் சொந்த ஊரைத் தேடுவது எப்படி?

கல்லடியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் 'கட்டமரான்' என்று பலகையில் எழுதுவேன். மெதுவாக வாசித்தால் நம் கட்டுமரம் கேட்கும். கயிற்றால் சேர்த்துக் கட்டிய மரங்கள். இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் கொண்ட படகு. பெயர் மட்டும் கரையை விடவில்லை, எனக்கு அதில் அவ்வளவு சந்தோசம்.

சரி, நீங்களும் அகராதியைத் திறந்து சொற்பிறப்பு வரியைப் பாருங்கள். சொல் வந்த வழியையும் கொப்பியில் எழுதுங்கள். 'செரூட்' நம் சுருட்டு, பிரெஞ்சு வழியாகப் போனது. 'அனிகட்' அணைக்கட்டு, அம்பாறை வயல்காரருக்கு விளக்கவே தேவையில்லை.

ஓசையை மட்டும் நம்ப வேண்டாம். ஆங்கில 'வன்' (one), நம் 'ஒன்று' ஆகிய இரு சொற்களும் ஒரே மாதிரிக் கேட்கும். பழைய ஆங்கிலத்திலோ 'வன்' என்பது 'ஆன்'. பழைய வடிவத்தைப் பார்த்த பிறகே உறவு என்று எழுதுங்கள்.