தெருவை நடந்தே அளப்பது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

"நடைபாதை மோசமாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால், "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு பதில் வரும். "பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மின்பெட்டி அருகே நடக்க 62 செ.மீ. இடம்தான் இருக்கிறது, சக்கர நாற்காலி போகாது" என்று எழுதினால் யாராவது வந்து பார்த்துத்தான் ஆகவேண்டும். அந்த 62-ஐக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு நடை. ஒரு காலைப்பொழுதும் பத்துப் பேரும் ஒரு டேப்பும் போதும்.

கூட்டமாக நடந்து நகரத்தைப் பார்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007-இல் டொரண்டோவில் தொடங்கிய நடைகள் அப்படிப்பட்டவை. அங்கே பேசிக்கொண்டே நடப்பார்கள். இங்கே நாம் அளந்துகொண்டே நடக்கப் போகிறோம்.

முதல் படி: பாதையைக் குறியுங்கள்

ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். சும்மா நடந்தால் கால் மணி நேரம். நின்று அளந்து எழுதினால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். பள்ளி, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை என மக்கள் நடந்தே போகும் இடங்கள் வழியில் வரட்டும். ஒரு வாரம் முன்பு, அதே கிழமையில் அதே நேரத்தில், ஒருமுறை நடந்து பாருங்கள். ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் நடைபாதையில் திங்கள் காலை வண்டிகள் நிற்கும்.

இரண்டாம் படி: ஆட்களைச் சேருங்கள்

எட்டு முதல் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் நீங்களே நடைபாதையை அடைத்துவிடுவீர்கள். அதிகம் பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர், தடியூன்றி நடப்பவர், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர் என இவர்களில் ஒருவராவது கட்டாயம் வேண்டும். நல்ல கால் உள்ளவர்கள் தாண்டிப் போய்விடும் மூன்று அங்குலப் படியை அவர்கள்தான் காட்டுவார்கள்.

டேப் பிடிக்க இருவர், எழுத ஒருவர், படமெடுக்க ஒருவர், யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் ஒருவர் என வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சாலையில் இறங்கி அளக்க வேண்டாம்.

மூன்றாம் படி: அளங்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சுவரிலிருந்து விளிம்பு வரை அளந்து "இரண்டு மீட்டர்" என்று எழுதிவிடுவார்கள். நடுவில் கம்பம் நிற்கும். அளக்க வேண்டியது தடை இல்லாமல் நடக்கக் கிடைக்கும் அகலத்தை, அதுவும் மிகக் குறுகலான இடத்தில். ஒரு சக்கர நாற்காலி போக 90 செ.மீ. வேண்டும், எதிரெதிரே இரண்டு வந்தால் 1.8 மீட்டர்.

சாய்தளத்துக்கு 1:12 கணக்கு, அதாவது உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம். விளிம்பு 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஒரு மீட்டரில் முடித்திருந்தால் நாற்காலி பின்னால் உருளும் அபாயம் உண்டு.

சிக்னலில் ஸ்டாப்வாட்ச். பச்சை மனிதன் எரியத் தொடங்கியதிலிருந்து மினுக்கி அணையும் வரை எத்தனை நொடி? மூன்று சுற்று பாருங்கள், சில சிக்னல்களில் நேரம் மாறும். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 12 மீட்டர் சாலையைக் கடக்கப் பத்து நொடி. 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்குப் பதினைந்து.

நான்காம் படி: பதிவு செய்யுங்கள்

இருநூறு படங்கள் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனபின் எது எந்த இடம் என்று தெரியாமல் விழிப்பதுதான் வழக்கமாக நடக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைத் தாளில் பெரிதாக எழுதி, முதலில் அந்தத் தாளைப் படமெடுங்கள். பிறகு அக்கம்பக்கம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, டேப்பின் எண் படிக்கும்படி கிட்டத்தில் ஒன்று. குறிப்பேட்டில் அதே எண், கம்ப எண் அல்லது கதவு எண், அளவு, நேரம். குழந்தைகளின் முகமும் வண்டி எண்ணும் படத்தில் வேண்டாம்.

நடைபாதையில் கடை போட்டிருப்பவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும், எந்த வடிகால் மூடி எப்போது உடைந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மனு

நாற்பது குறைகளை ஒரே மனுவில் அடுக்கினால் அது எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல் மேசை மேசையாய்ச் சுற்றும். விளக்கு ஒரு துறை, வடிகால் ஒரு துறை, சிக்னல் இன்னொரு துறை. துறைக்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு பக்கம், அதில் மிக அவசரமான மூன்றே இடங்கள். நடந்த இரண்டு நாளுக்குள் எழுதிவிடுங்கள், ஆறினால் குறிப்பே புரியாது. ஒப்புகைச் சீட்டோ புகார் எண்ணோ வாங்காமல் திரும்ப வேண்டாம். நகலைப் பகுதியின் மாமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள்.

வேலை முடிந்தது என்று தகவல் வந்தால் அதே டேப்புடன் போய்ப் பாருங்கள். புதுச் சாய்தளத்தின் அடியில், சாலையைத் தொடும் இடத்தில், இரண்டு மூன்று செ.மீ. மேடு விட்டிருப்பார்கள். நாற்காலியின் முன்சக்கரம் அங்கேதான் முட்டி நிற்கும். அதையும் அளந்து, பழைய புகார் எண்ணையே குறிப்பிட்டு, அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.