கிரில் கதவோரம் ஒரு முறுக்கு டின்

கோலாலம்பூர் செந்தூலில் என் அக்கா வீடு லிங்க் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. முன்னால் கிரில் கதவு, பின்னால் குசினியில் ஒரு ஜன்னல். நடு ஹாலுக்கு இரண்டிலிருந்தும் வெளிச்சம் ஒழுங்காக வந்து சேராது. பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் எரியும். என் மருமகளுக்கு, அதாவது அக்கா மகளுக்கு, மூன்று வயது. அவள் சேட்டை எல்லாம் அந்த ஹாலில்தான். இரண்டு தீபாவளி படமெடுத்ததில் தேறியது நாலைந்து. மற்றதில் எல்லாம் காது தெளிவு, கண் மங்கல்.

"காது நல்லா வந்திருக்குடா தம்பி. கம்மல் கடைக்குக் கொடு" என்றாள் அக்கா.

கேமராவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. முதலில் மாற்ற வேண்டியது பிள்ளை உட்காரும் இடம். ஒரு நாள் மாலை 5 மணிக்கு லைட்டை அணைத்துவிட்டு அளந்து பார்த்தேன். கிரில் கதவிலிருந்து ஓரடியில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்) 800 போதும். நடு ஹாலில் அதே படத்துக்கு 6400 வேண்டியிருந்தது. எட்டு மடங்கு! இங்கே வருடம் முழுக்க 7 மணியை ஒட்டியோ அதற்கு மேலோதான் பொழுது சாயும். அதனால் வேலை முடிந்து வந்தாலும் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

பிள்ளையைக் கதவுக்கு நேர் முன்னால் நிறுத்தாதீர்கள், முகம் கறுத்துவிடும். நீங்கள் கதவை அடைத்து நின்றாலும் உங்கள் நிழல் அவள் மேல் விழும். கதவு அவளுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். "இங்கே உட்காரு பாப்பா" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் உட்காராது. நான் ஒரு மைலோ டின்னில் முறுக்கு போட்டு, மூடியை இறுக்கி, கதவோரம் வைத்துவிடுவேன். அவள் அதை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் திருகுவாள். இருபது விநாடி தலை ஆடாது. அந்த இருபது விநாடிதான் நமக்கு.

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் விநாடியில் 1/125 பங்கு; அதைவிட மெதுவாகப் போகக் கூடாது. ஓடுகிற பிள்ளைக்கு 1/250. ஐ.எஸ்.ஓ. ஏறினால் ஏறட்டும். படம் பொரிப்பொரியாக இருந்தாலும் பார்க்கலாம், முகம் இழுத்துக்கொண்டு போனதைப் பார்க்க முடியாது. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்துக்குத்தான், அவள் துள்ளலுக்கு இல்லை.

இரவில் கதை வேறு. நான் வயரிங் வேலை செய்பவன், இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. பல்புகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். படத்தில் பட்டை பட்டையாக விழுவது அதனால்தான். 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அவள் அசையாத நேரம் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். சாமி மேடையின் மஞ்சள் பல்பும் ஹாலின் வெள்ளை லைட்டும் சேர்ந்து எரிந்தால் பாதி முகம் மஞ்சள் பூசினாற்போலவும் பாதி சாம்பலாகவும் வரும். ஒன்றை அணைத்துவிடுங்கள். (சாமி விளக்கை அணைத்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.)

சரி, அந்தக் காதுக்கு வருவோம். என் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல், அதாவது அதன் வாயை அகலமாகத் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 3 செ.மீ. கூட இல்லை. பிள்ளை முகத்தில் கண்ணுக்கும் காதுக்கும் இடையே அதைவிட அதிகம். ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்கினால் அது 6 செ.மீ. ஆகிவிடும். அரை மீட்டர் நகர்ந்ததற்கு இரண்டு மடங்கு! படத்தில் அவள் சின்னதாகத் தெரிந்தால் ஓரத்தை வெட்டிக்கொண்டால் போயிற்று.

எந்த இடம் தெளிவாக விழ வேண்டும் என்று காட்டும் ஃபோகஸ் புள்ளியைக் கேமராவிடம் விடாதீர்கள். ஒரே புள்ளியை எடுத்து, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் வையுங்கள். மங்கிய வெளிச்சத்தில் கேமரா கறுப்பு வெளுப்பு சந்திக்கும் கோட்டைத் தேடும். மை தீட்டிய இமை இருந்தால் டக்கென்று பிடிக்கும். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்புவதுதான் நான் இரண்டு வருடம் செய்த தப்பு. திருப்பும்போதே அந்த 3 செ.மீ. நழுவிவிடும். அவள் அசைய அசையக் கேமரா பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வைத்து, மூன்று நான்கு படமாகச் சேர்த்து எடுங்கள். இருட்டில் ஃபோகஸ் பிடிக்கக் கேமரா தானாக அடிக்கும் உதவி விளக்கை அணைத்துவிடுங்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பிடிக்க அவள் லென்ஸுக்கே ஓடி வருவாள்.

அப்புறம், தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் உச்சி வகிடும் மொசைக்கும்தான் வரும். அவள் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னால் குதிரைப் பந்தய நாள் குறித்த காலண்டர், பிளாஸ்டிக் ஸ்டூல் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். பெரிதாக ஒன்றும் நகர்த்த வேண்டாம். நீங்கள் ஓரடி தள்ளி, இருட்டு ஹால் அவளுக்குப் பின்னால் வரும்படி உட்கார்ந்தால் போதும். என்னை இத்தனை நாள் படுத்திய அந்த இருட்டே கறுப்புத் திரை கட்டினாற்போல் நின்றது. டின்னைத் திருகும் கையை மணிக்கட்டோடு வெட்டாதீர்கள். அவள் பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள்.

எடுத்ததும் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்மணியில் கிரில் கம்பிகளை எண்ண முடிந்தால் ஃபோகஸ் சரி. மூன்றாம் தீபாவளிப் படத்தில் நான் ஆறு கம்பி எண்ணினேன். அக்கா எண்ணியது டின்னில் மிச்சமிருந்த முறுக்கை.