ஐந்தரை மணி முந்தும் லினக்ஸ் கடிகாரம்

விண்டோஸும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவும் ஒரே மடிக்கணினியில் குடியிருந்தால் இந்தத் தொல்லை வந்தே தீரும் போலிருக்கிறது. விண்டோஸில் வேலை முடித்து உபுண்டுவுக்குள் நுழைந்தால் மாலை 4 மணி, இரவு 9.30 ஆகியிருக்கும். இணையம் கிடைத்ததும் தானே திருந்திவிடும்; கிடைக்காவிட்டால் அப்படியே நிற்கும்.

கணினி அணைந்திருக்கும்போதும் தாய்ப்பலகையிலுள்ள (மதர்போர்டு) கடிகாரத்தை ஓடவைக்கும் பேட்டரியைச் சந்தேகிக்கத் தோன்றும். அது தீர்ந்திருந்தால் தேதியே சில ஆண்டுகள் பின்னே போயிருக்கும். இங்கோ பிசகு மிகச்சரியாக ஐந்தரை மணி நேரம். இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் (யுடிசி) உள்ள அதே இடைவெளி. உபுண்டுவில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், நேர அமைப்புகளைக் காட்டும் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா, சரிதான். ஆனால் தாய்ப்பலகைக் கடிகாரத்தின் நேரத்தைச் சொல்லும் 'ஆர்டிசி டைம்' என்ற வரி என் கைக்கடிகாரம் காட்டிய நேரத்தையே காட்டியது. விண்டோஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கிறது. லினக்ஸ் அதைப் பொது நேரமாக எண்ணி, மேலும் ஐந்தரையைக் கூட்டுகிறது.

தாய்ப்பலகை நேரத்தை உள்ளூர் நேரமாகவே எண்ணும்படி லினக்ஸை மாற்றலாம். ஆனால் அப்படி மாற்றினால் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையே எச்சரிக்கை விடுக்கிறது. எனக்கும் அது பிடிக்கவில்லை. எனவே விண்டோஸும் தாய்ப்பலகை நேரத்தைப் பொது நேரமாக எண்ணும்படி மாற்ற, அதன் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் 'டைம்சோன்இன்ஃபர்மேஷன்' பகுதிக்குப் போய், 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற டிவேர்ட் (எண்) வகை மதிப்பை உருவாக்கி 1 என்று இட்டேன். பிறகு உபுண்டுவில் இணையத்தோடு நேரத்தைச் சரிசெய்து, 'சூடோ ஹெச்டபிள்யூகிளாக்' கட்டளையோடு 'சிஸ்டோஹெச்சி' என்ற விருப்பத்தைச் சேர்த்து அதைத் தாய்ப்பலகையில் எழுதினேன். இப்போது இரண்டும் ஒரே நேரம் சொல்கின்றன.