மழைக்காலத்தில் குதிரைக்கு வரும் பக்குப் புண்: எண்ணெயைத் தொடாதீர்கள்

ஐப்பசியில் நாலு மழை விழுந்ததுமே கடலூர், புதுச்சேரி பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் தினமும் அதன் முதுகையும் பிட்டத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் புண் கண்ணில் படுவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். முடிக்கு அடியில் சின்னச் சின்னதாக நெருடும். அப்புறம் பக்குக் கட்டும். பக்கு வரும்போது முடியும் கொத்தாக பிரஷ் மாதிரி சேர்ந்து வரும், அடியில் ஈரமான சிவந்த தோல், சில சமயம் சீழ்.

பலர் இதைப் படை என்று நினைத்து வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசுகிறார்கள். நானும் பூசியிருக்கிறேன், புண் பரவியதுதான் மிச்சம். இது பூஞ்சை இல்லை, டெர்மடோஃபைலஸ் என்ற பாக்டீரியா. நனைந்து ஊறிய தோலிலும் ஈ, கொசு கடித்த இடத்திலும் புகுந்துகொள்ளும். எண்ணெய் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்துவிடும்.

முதல் மருந்து உலர்த்துவது. கூரைக்குக் கீழே கட்டுங்கள், புண்ணைச் சுற்றி முடி நீளமாக இருந்தால் கத்தரித்துவிடுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு, அல்லது பால் சேர்க்காத லேசான டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்த போவிடோன் அயோடின் (பீட்டாடின்) போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, சுத்தமான துண்டால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஊறித் தானாகக் கழன்று வரும் பக்கை மட்டும் எடுங்கள், காய்ந்ததைப் பிய்த்தால் குதிரைக்கு உயிர் போகிற மாதிரி வலிக்கும். எடுத்ததைத் தரையில் போடாதீர்கள், அந்தப் பக்குக்குள் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு வாரம் தினமும் இப்படிக் கழுவுங்கள், பிறகு வாரம் இரண்டு முறை. ஆறும்வரை சேணம் வேண்டாம், கடற்கரை சவாரியில் வருமானம் போனாலும் சரி.

கால் வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, புண் உடம்பெங்கும் பரவினாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், பென்சிலின் ஊசி தேவைப்படலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஒரு குதிரையின் பிரஷ், சேணத்துணி இன்னொன்றுக்குப் போகக் கூடாது. அபூர்வமாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை போடுங்கள். காலில் சேறு இருந்தால் தினமும் பைப்பில் அடித்துக் கழுவாதீர்கள், காயவிட்டுத் தேய்த்து உதிர்த்தால் போதும். கொட்டிலில் தண்ணீர் தேங்கும் மூலையை மட்டும் மழைக்கு முன்பே மணல் கொட்டி மேடாக்கிவிடுங்கள், குதிரை ராத்திரி முழுக்க நிற்பது அங்கேதான்.