என்மேப்பைப் புதுப்பித்து வீட்டு நெட்வொர்க்கை ஸ்கேன் செய்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஒரு நெட்வொர்க்கில் எந்தெந்தக் கருவிகள் இயங்குகின்றன, அவற்றில் எந்தெந்தப் போர்ட்கள் (சேவைகள் இணைப்பை ஏற்கும், எண்ணிட்ட வாயில்கள்) திறந்திருக்கின்றன என்பதைக் கண்டறிய உதவும் என்மேப் மென்பொருளை, ஃபியோடோர் என்ற புனைபெயரால் அறியப்படும் கோர்டன் லையன் 1997 செப்டம்பரில் மூலநிரலோடு வெளியிட்டார். 2025 மே மாதத்தில் 7.96, 7.97 என இரண்டு பதிப்புகளும் ஆகஸ்டில் 7.98 பதிப்பும் வந்தன. புதிதாகக் கற்கத் தொடங்குபவர்கள் பலர் ஏற்கெனவே கணினியில் இருக்கும் பழைய பதிப்பையே பயன்படுத்துகிறார்கள். பழைய பதிப்பும் இயங்கும். ஆனால் அண்மையில் வந்த கருவிகளை அதற்கு அடையாளம் தெரியாது. எனவே இந்தச் செய்முறையைப் பதிப்பைச் சரிபார்ப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சொந்தமான நெட்வொர்க்கையோ, உரியவர் எழுத்தில் அனுமதி தந்த நெட்வொர்க்கையோ மட்டுமே ஸ்கேன் செய்யுங்கள். அலுவலகத்தில் வேலை பார்ப்பதே அனுமதி ஆகிவிடாது. வெளியில் ஓர் இலக்கு வேண்டுமானால், பயிற்சிக்கென்றே என்மேப் குழுவினர் 'ஸ்கேன்மீ' என்ற சர்வரைத் திறந்து வைத்திருக்கிறார்கள்; அதை அளவோடு பயன்படுத்தலாம்.

கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தந்து, சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்பதையும் உடன் குறிப்பிடுகிறேன். தொடக்கத்தில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நேர்கின்றன.

படி 1: பதிப்பைப் பாருங்கள்

டெர்மினலில் என்மேப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரட்டைக் கோடும் (அதாவது இரண்டு ஹைஃபன் குறிகளும்) 'வெர்ஷன்' என்ற சொல்லும் சேர்த்து என்டர் அழுத்துங்கள். உபுண்டு 22.04இன் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் 7.80 என்று காட்டும். அது 2019இல் வந்தது. உபுண்டு 24.04 என்றால் 7.94. என்மேப்பின் இணையதளத்தில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் நிறுவிகள் கிடைக்கின்றன. லினக்ஸில் ஆர்பிஎம் தொகுப்பையோ மூலநிரலையோ எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் நிறுவும்போது என்பிகேப் என்ற துணை மென்பொருளையும் நிறுவட்டுமா என்று கேட்கும். அதற்கு மறுக்காதீர்கள், பாக்கெட்களை (நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துணுக்குகளை) நேரடியாக அனுப்புவதும் பெறுவதும் அதன் வழியாகத்தான்.

படி 2: ஜென்மேப்பில் முதல் ஸ்கேன்

ஜென்மேப் என்பது என்மேப்பின் வரைகலை முகப்பு. அது பைத்தான் 2இல் எழுதப்பட்டிருந்ததால், 2020 தொடக்கத்தில் அந்த மொழிப் பதிப்புக்கான ஆதரவு முடிந்தபோது பல லினக்ஸ் வழங்கல்கள் அதைக் கைவிட்டன. 2023இல் 7.94 பதிப்பு அதைப் பைத்தான் 3க்கு மாற்றி மீட்டுத் தந்தது. கற்பவர்களுக்கு இதை மிகப் பெரிய உதவியாகக் கருதுகிறேன். நீங்கள் பட்டியலிலிருந்து ஒரு ஸ்கேன் வகையைத் தேர்ந்தெடுத்தால், அதற்குரிய கட்டளை 'கமாண்ட்' பெட்டியில் எழுத்து மாறாமல் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே கட்டளைகள் மனத்தில் பதிந்துவிடும். 7.96 முதல் 'ப்ரொஃபைல்' மெனுவில் இருண்ட திரையையும் தேர்ந்தெடுக்கலாம்.

'டார்கெட்' பெட்டியில் உங்கள் நெட்வொர்க்கின் முகவரியைத் தாருங்கள். பல வீட்டு ரௌட்டர்களில் அது 192.168.1.0/24 என்று இருக்கும். அது 256 முகவரிகளைக் குறிக்கும். 'பிங் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து இயக்குங்கள். போர்ட்களை ஸ்கேன் செய்யாமல், எந்தெந்தக் கருவிகள் பதில் தருகின்றன என்பதை மட்டும் இது பட்டியலிடும்.

லினக்ஸிலும் மேக்கிலும் இதை நிர்வாகி உரிமையோடு இயக்குவது முக்கியம். அந்த உரிமை இருந்தால் உள்ளூர் நெட்வொர்க்கில் என்மேப் ஏஆர்பி முறையில், அதாவது ஓர் ஐபி முகவரிக்குரிய கருவியின் வன்பொருள் முகவரி எது என்று கேட்கும். ஃபயர்வால் இருக்கும் கருவிகூட அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஏஆர்பி இல்லாமல் அதனால் அதே நெட்வொர்க்கில் யாரோடும் பேச முடியாது. உரிமை இல்லாவிட்டால் 80, 443 ஆகிய இரண்டு போர்ட்களில் இணைப்பு கோரிப் பார்ப்பதோடு என்மேப் நின்றுவிடும். அப்போது உங்கள் கைபேசி பட்டியலில் வராமல் போகலாம். வராததால் அது நெட்வொர்க்கில் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

படி 3: போர்ட்களைப் படித்தறிதல்

இனி ஒரே ஒரு கருவியின் முகவரியை மட்டும் தந்து, கட்டளையில் ஒற்றைக் கோடு, சிறிய எஸ், பெரிய வி என்று சேருங்கள். அதிகம் பயன்படும் 1000 டிசிபி போர்ட்களைத் தட்டிப் பார்த்து, திறந்திருக்கும் ஒவ்வொன்றிலும் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு இயங்குகிறது என்று இது விசாரிக்கும்.

விடையில் மூன்று நிலைகளை அடிக்கடி காண்பீர்கள். 'ஓப்பன்' என்றால் அந்தப் போர்ட்டில் ஒரு மென்பொருள் இணைப்பை ஏற்கக் காத்திருக்கிறது. 'க்ளோஸ்ட்' என்றால் கருவி உயிரோடு இருந்து மறுப்பை அனுப்பியது, அதாவது அங்கே எதுவும் இயங்கவில்லை. 'ஃபில்டர்ட்' என்றால் பெரும்பாலும் பதிலே வரவில்லை. இடையில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியிருக்கலாம். புதியவர்கள் பின்னிரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். ஃபில்டர்ட் என்று வந்த போர்ட்டுக்குப் பின்னால் ஒரு சேவை ஓடிக்கொண்டிருக்கவும் கூடும்.

என் வீட்டில் இதைச் செய்தபோது வாசல் கேமராவில் 554 திறந்திருந்தது. நேரலைக் காட்சியை அனுப்பும் ஆர்டிஎஸ்பி சேவைக்குரிய போர்ட் அது. பிரிண்டரில் 9100 திறந்திருந்தும் அதில் என்ன இயங்குகிறது என்ற பதிப்பு விவரம் வரவில்லை. அது குறையன்று. அந்தப் போர்ட்டுக்கு எதை அனுப்பினாலும் பல பிரிண்டர்கள் அப்படியே தாளில் அச்சிட்டுத் தள்ளிவிடும் என்பதால், 9100 முதல் 9107 வரையிலான போர்ட்களில் விசாரிக்காமல் என்மேப் தானாகவே விலகிக்கொள்கிறது.

பதிப்பைப் புதுப்பித்ததன் பலன் இந்தப் படியில்தான் தெரியும். 2024இல் வந்த 7.95 பதிப்பில், பயனர்கள் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு 336 புதிய இயங்குதளக் கைரேகைகள் (ஒரு கருவி பதில் தரும் விதத்தைக் கொண்டு அதன் இயங்குதளத்தை ஊகிக்க உதவும் அடையாளங்கள்) சேர்க்கப்பட்டன. மொத்தம் 6,036 ஆயிற்று. ஐஓஎஸ் 16, மேக்ஓஎஸ் வென்சுரா, லினக்ஸ் 6.1 முதலியவை அவற்றில் அடங்கும். ஒற்றைக் கோடும் பெரிய ஓ எழுத்தும் சேர்த்தால் இந்தக் கண்டறிதல் இயங்கும். மைக்ரோடிக் ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்கு 7.96இல் அதன் ரௌட்டர்ஓஎஸ் பதிப்பைக் கேட்டறியும் ஸ்கிரிப்ட் ஒன்றும் கிடைத்திருக்கிறது.

படி 4: பெயர்ப் பட்டியலை ஸ்கேன் செய்தல்

உங்கள் பொறுப்பில் பல சர்வர்கள் இருந்தால், அவற்றின் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி, ஒற்றைக் கோடு, சிறிய ஐ, பெரிய எல் ஆகியவற்றோடு கோப்பின் பெயரைத் தரலாம். முன்பெல்லாம் ஒரு பெயருக்குரிய ஐபி முகவரி வந்து சேர்ந்த பிறகே என்மேப் அடுத்த பெயரைக் கேட்கும். 7.96 முதல் பல பெயர்களை ஒரே நேரத்தில் கேட்கிறது. பத்து லட்சம் பெயர்களுக்கு 49 மணி நேரம் பிடித்த வேலை, ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் முடிந்ததாக அதை உருவாக்கியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பத்துப் பெயர்களுக்கு வேறுபாடு தெரியாது. ஆயிரக்கணக்கில் போகும்போது நன்றாகவே தெரியும்.

பட்டியலில் இருக்கும் மூன்று பெயர்கள் ஒரே சர்வரைக் குறிப்பதும் உண்டு. இரட்டைக் கோடும் 'யூனிக்' என்ற சொல்லும் சேர்த்தால், ஒரே ஐபி முகவரியை மீண்டும் ஸ்கேன் செய்யாது. இது 2021இல் வெளியான 7.92இலிருந்து இருக்கும் வசதி.

படி 5: சேமித்து ஒப்பிடுதல்

ஒவ்வொரு ஸ்கேனையும் ஒற்றைக் கோடு, சிறிய ஓ, பெரிய எக்ஸ் என்பதோடு ஒரு கோப்புப் பெயரைத் தந்து எக்ஸ்எம்எல் வடிவில் சேமியுங்கள். ஜென்மேப்பின் 'டூல்ஸ்' மெனுவில் உள்ள 'கம்பேர் ரிசல்ட்ஸ்' இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, புதிதாக வந்த வரிகளுக்குக் கூட்டல் குறியும் மறைந்த வரிகளுக்குக் கழித்தல் குறியும் இடும்.

ஒன்றைக் கவனியுங்கள். பழைய பதிப்பில் எடுத்த ஸ்கேனை 7.98இல் எடுத்ததோடு ஒப்பிட்டால், நெட்வொர்க்கில் எதுவும் மாறாமலேயே மென்பொருள் பெயர்களும் இயங்குதள ஊகங்களும் மாறித் தெரியும். ஆகையால் என்மேப்பைப் புதுப்பித்த அன்றே புதிதாக ஒரு முழு ஸ்கேன் எடுத்து, கோப்பின் பெயரில் தேதியையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் ஒருநாள் ரௌட்டரின் பட்டியலில் கூட்டல் குறியோடு 23 என்ற வரி வந்தால், குறியாக்கம் இல்லாத பழைய தொலைக் கட்டுப்பாட்டுச் சேவையான டெல்நெட் திறந்திருக்கிறது என்று பொருள். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் அதை அணைத்துவிட்டு, மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்து அந்த வரி மறைந்ததா என்று பாருங்கள்.